உபாத்தியாயருக்கு யந்திரக் கல்வி

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மத்திய சர்க்காரின் கல்வி இலாகா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026-27-ஆம் கல்வி வருஷம் முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே செயற்கை நுண்ணறிவைப் பற்றியும், கணிப்பொறி முறையில் சிந்திப்பதைப் பற்றியும் பாடம் புகட்டத் தொடங்குவது என்பது அதன் சாரம். நாடெங்குமுள்ள ஒரு கோடிக்கு மேற்பட்ட உபாத்தியாயர்களை இதற்குத் தயார் செய்வதே கஷ்டமான காரியம் என்பதை இலாகாவின் காரியதரிசியே ஒப்புக்கொண்டார். அந்தப் பயிற்சி 'நிஷ்டா' என்னும் ஏற்பாட்டின் வாயிலாக, இணைய வழிப் பாடங்களாகவும் காணொளிகளாகவும் அளிக்கப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு எந்த வயதில் எதைக் கற்பிப்பது என்று வாதம் செய்வதில் நமது அறிவாளிகளுக்கு என்றுமே ஊக்கம் உண்டு. உபாத்தியாயருக்கு யார் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி மட்டும் மூலையில் கிடக்கும். நமது அபிப்பிராயத்தில் அதுவே முந்திக் கேட்கப்படவேண்டிய கேள்வி.

யந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் தேசியவாதிகளிடையே இன்னும் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துவோம். யந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளே தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். யந்திரம் மனிதனுக்கு ஊழியம் செய்கிறதா, மனிதன் யந்திரத்துக்கு ஊழியம் செய்கிறானா என்பதே அவருடைய விசாரணை. அதே அளவுகோலை இன்றைய பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்ப்போம். கணிப்பொறியைக் கொண்டு ஒரு பூகோள பாடத்தை விளக்கவும், ஒரு க்ஷேத்திர கணித உருவத்தை வரைந்து அசைத்துக் காட்டவும், கைப்பேசியில் வந்து விழும் செய்தி மெய்யா பொய்யா என்று சோதிக்கவும் வல்ல உபாத்தியாயர் யந்திரத்தின் எஜமானர். மேலிடத்துக் காணொளியை ஓடவிட்டு, கேட்ட புள்ளிவிவரங்களைப் பதிந்து, வந்த சான்றிதழை அச்சிட்டு வைத்துக்கொள்ளும் உபாத்தியாயர் அதன் குமாஸ்தா. இன்றைய பயிற்சி முறையில் குமாஸ்தாக்கள் உண்டாகிறார்களே ஒழிய எஜமானர்கள் உண்டாகவில்லை என்பது நமது துணிபு.

நிஷ்டா ஏற்பாடு 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி ஆரம்பிக்கப்பட்டது. ஆரம்பக் கல்வியில் ஈடுபட்டுள்ள சுமார் 42 லட்சம் உபாத்தியாயர்களுக்கு நேர்முகப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். மறு வருஷமே கொள்ளைநோய் வந்து பள்ளிக்கூடங்களை மூடியது. 2020 அக்டோபரில் அப்பயிற்சி, 'தீக்ஷா' என்னும் இணைய மேடைக்கு மாற்றப்பட்டு, 18 பாடப்பகுதிகளாக வழங்கப்பட்டது. தீக்ஷாவோ 2017 செப்டம்பர் 5-ந் தேதி, உபாத்தியாயர் தினத்தன்று, தொடங்கப்பெற்றது. மலையுச்சியிலுள்ள ஓராசிரியர் பள்ளிக்கும் தலைநகரத்துப் பெரிய பள்ளிக்கும் ஒரே பாடம் ஒரே நாளில் போய்ச் சேருவது சாமானிய விஷயமன்று. பிரயாணச் செலவில்லை; சத்திரம் தேட வேண்டியதில்லை; ஒருவர் சொன்னதை மற்றொருவர் கேட்டு, அவர் சொன்னதை வேறொருவர் கேட்டு, கடைசி உபாத்தியாயரிடம் வரும்போது சாரமெல்லாம் வடிந்து போய்விடும் பழைய பயிற்சி முகாம்களின் குறையும் இதில் இல்லை. இவற்றையெல்லாம் நாம் தாராளமாக ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அந்தப் பாடம் உபாத்தியாயரிடம் என்ன செய்யச் சொல்லுகிறது? காணொளியைப் பார்க்கச் சொல்லுகிறது. சில பக்கங்களைப் படிக்கச் சொல்லுகிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லுகிறது. சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறது. இடையிடையே, செய்து பாருங்கள் என்ற யோசனையும் வரும். செய்தாரா என்று பார்க்க மறுமுனையில் யாருமில்லை. மேலதிகாரி எண்ணுவது சான்றிதழை. எனவே உபாத்தியாயரும் சான்றிதழுக்கே உழைக்கிறார். காணொளி ஒரு பக்கம் ஓட, அவர் மற்றொரு பக்கம் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். வினாக்களுக்கு உரிய விடைகள் வாட்ஸாப் குழுக்களிலும் யூடியூபிலும் பகிரங்கமாக உலவின. இதற்காக உபாத்தியாயரை ஏசுவோருடன் நாம் சேரமாட்டோம். 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் உபாத்தியாயரும் வருஷந்தோறும் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும் என்று விதித்திருக்கிறது. மணிக்கணக்கைக் கேட்டால் மணிக்கணக்குத்தான் கிடைக்கும்.

நீந்துவதைப் பற்றி உபந்நியாசம் கேட்டவன் ஆற்றில் இறங்கினால் என்ன ஆவான் என்பது யாவரும் அறிந்ததே. மற்றப் பாடங்களிலாவது கேட்டறிவதற்கு ஓரளவு இடமுண்டு. கணிப்பொறி கைப்பழக்கத்தால் வரும் வித்தை. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதையொட்டி டாக்டர் ஜாகீர் ஹுஸேன் தலைமையில் அமைந்த கமிட்டியும் கைத்தொழிலை மையமாக வைத்து ஆதாரக் கல்வியை வகுத்தபோது எழுந்த பெரிய சங்கடமும் இதுவே. தான் ராட்டை சுற்றி அறியாத உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு நூற்கக் கற்பிப்பது எங்ஙனம்? அத்திட்டம் தளர்ந்து போனதற்குரிய பல காரணங்களில் இதுவும் ஒன்று என்பதை அதன் அபிமானிகளும் மறுக்கமாட்டார்கள். ராட்டையின் ஸ்தானத்தில் இன்று கணிப்பொறி வந்திருக்கிறது, சங்கடம் மாறவில்லை.

தூரத்திலிருந்து உபாத்தியாயருக்குப் பயிற்சி அளிப்பது இந்தத் தேசத்துக்குப் புதிய காரியமும் அன்று. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவிடமிருந்து ஒரு வருஷத்துக்கு இரவல் பெற்ற ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக் கோளைக் கொண்டு, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டப்பட்டது. 'சைட்' என்று பெயர் பெற்ற அந்தப் பரீக்ஷையைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் ஓர் அங்கமாக ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பதில் 12 நாள் பயிற்சி இருமுறை நடத்தப்பட்டது பலருக்குத் தெரியாது. இரண்டு தடவையும் சேர்ந்து சுமார் 48,000 உபாத்தியாயர்கள் அதில் பங்கு கொண்டார்கள்.

இன்றைக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்திய அந்தப் பயிற்சியில் கவனிக்கத்தக்கது டெலிவிஷன் பெட்டியன்று. பெட்டியைச் சுற்றி இருந்த ஏற்பாடு. உபாத்தியாயர்கள் தனித்தனியே வீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அவ்வப்பகுதியில் ஓரிடத்தில் கூடிப் பார்த்தார்கள். டெலிவிஷன் பாடத்துக்குத் துணையாக ரேடியோப் பாடம் இருந்தது. அச்சிட்ட குறிப்புகள் இருந்தன. கையிலே பொருள்களை எடுத்துச் சோதனை செய்து பார்க்கும் வேலை இருந்தது. பிறகு தங்களுக்குள் விவாதம் இருந்தது. வானத்திலிருந்து வந்த பாடத்தைப் பூமியிலே நின்று வாங்கிக்கொள்ள மனிதர்கள் ஏற்படுத்தப்பட்டிருந்தார்கள். பின்னால் 2004-ஆம் வருஷம் செப்டம்பரில், கல்விக்கென்றே நமது விஞ்ஞானிகள் 'எஜுஸாட்' என்ற செயற்கைக் கோளை நமது ராக்கெட்டைக் கொண்டே விண்ணில் ஏற்றினார்கள். சுதேசிப் பெருமையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் கீழே அதை வாங்கிப் பயன்படுத்தும் ஏற்பாட்டிலிருந்த குறைகளை 2013-ல் மத்திய சர்க்காரின் கணக்குத் தணிக்கை அதிகாரி எடுத்துக்காட்டும்படி ஆயிற்று.

இனி நமது அண்டை ராஜ்யமாகிய கேரளத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தமிழர்கள் மலையாளிகளைப் புகழ்வதென்றால் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் மருந்து மருந்துதான்.

பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையில் அமைந்த குழுவின் சிபார்சை ஒட்டி, 2001-ல் கேரள சர்க்கார் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பயிற்சி அளிப்பதற்குக் கம்பெனி ஆட்களைக் கூலிக்கு அமர்த்தாமல், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த உபாத்தியாயர்களையே தேர்ந்தெடுத்துத் தலைமைப் பயிற்சியாளர்களாக ஆக்கினார்கள். ஒவ்வோர் உயர்தரப் பள்ளியிலும் கணிப்பொறிக் காரியங்களைக் கவனிக்க ஓர் உபாத்தியாயர் பொறுப்பேற்றார். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் பக்கத்து வகுப்பிலேயே இருந்தார்; அவர் கேட்பவருடைய பாஷையிலேயே பதில் சொன்னார். வருஷச் சந்தா கட்டவேண்டிய அந்நியக் கம்பெனிகளின் சரக்கைத் தள்ளி, யாரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளக்கூடிய குனு-லினக்ஸ் என்னும் சுதந்திர மென்பொருளைப் பள்ளிகளுக்கென்றே திருத்தி அமைத்து, மலையாளத்தில் வேலை செய்யும்படி செய்துகொண்டார்கள். 2005-ல் அப்பொழுது குடியரசுத் தலைவராயிருந்த நம் அப்துல் கலாம் 'விக்டர்ஸ்' என்ற கல்வி ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். இத்தனையும் ஆனபின், 2017-ல் இத்திட்டம் 'கைட்' என்ற சர்க்கார் ஸ்தாபனமாயிற்று.

அந்த ஸ்தாபனம் உபாத்தியாயர்களுக்கு 'கூல்' என்ற இணைய வழிப் பாடத்தை நடத்துகிறது. நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு நேரான உதாரணம் இதுவே. இணைய வழிப் பாடந்தானே, நிஷ்டாவுக்கும் இதற்கும் என்ன பேதம் என்று கேட்கலாம். இங்கே உபாத்தியாயர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். குழுவுக்கு ஒரு வழிகாட்டி உண்டு. அவரும் ஓர் உபாத்தியாயரே. தாய்மொழியில் தட்டெழுதி ஒரு பத்திரம் தயாரித்தல், படத்தைத் திருத்துதல், பாடத்துக்குரிய காட்சிகளை உண்டாக்குதல் என்றவாறு வேலைகள் கொடுக்கப்படுகின்றன. செய்த வேலையை வழிகாட்டி பார்க்கிறார், குறை சொல்லுகிறார், திருத்தி அனுப்பும்படி கேட்கிறார். இடையே நேரில் கூடும் வகுப்பும், முடிவில் செய்து காட்டவேண்டிய பரீக்ஷையும் உண்டு. புதிதாக வேலையில் அமர்ந்தவர்களின் தகுதிகாண் காலம் பூர்த்தியாவதற்கு இந்தப் பாடம் அவசியமென்று விதித்திருக்கிறார்கள். இணையம் இங்கே தபால்காரனுடைய வேலையைச் செய்கிறது. குரு ஒரு மனிதர்.

2024 மே மாதத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுமார் 80,000 உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளிக்க அந்த ஸ்தாபனம் முற்பட்டது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களை ஒரு குழுவுக்கு 25 பேராகச் சேர்த்து, மூன்று நாள் நேர்முகப் பயிற்சி; கைகளில் மடிக்கணினி. நீண்ட கட்டுரையைச் சுருக்குவது, படம் உண்டாக்குவது, யந்திரத்திடம் கேள்வி கேட்கும் விதம், வினாத்தாள் அமைப்பது ஆகியவற்றுடன் போலிப் படங்களையும் காணொளிகளையும் இனங்கண்டுகொள்வதும் அதில் சேர்ந்திருந்தது. இணையத்தில் இவ்வளவு அனுபவமுள்ள ஸ்தாபனமே புதிய வித்தை ஒன்றை ஆரம்பிக்கும்போது மனிதர்களை ஓர் அறையில் கூட்டியதை டெல்லியிலுள்ளோர் கவனிப்பார்களாக.

கேரளம் சிறிய ராஜ்யம், அங்கே செய்ததை இமயம் முதல் குமரி வரை செய்ய முடியுமா என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஒரு கோடி உபாத்தியாயர்களுக்கு 25 பேருக்கு ஒரு வழிகாட்டி வீதம் நான்கு லட்சம் வழிகாட்டிகள் வேண்டும். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அந்த நான்கு லட்சம் பேரும் புதிதாக வானத்திலிருந்து குதிக்கவேண்டியதில்லை; அந்தக் கோடிக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் தாமாகவே கற்றுத் தேர்ந்து, சகாக்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பாடங்களைத் தயாரித்து யூடியூபில் இட்டுவரும் உபாத்தியாயர்கள் சிலரேனும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் சில வகுப்புகளைக் குறைத்து, இந்த வேலையை உத்தியோகபூர்வமாக ஒப்படைப்பதற்கு ஆகும் செலவு, ஆண்டுதோறும் வாங்கிக் குவிக்கும் யந்திரங்களின் செலவைப் பார்க்கிலும் அதிகமாயிராது என்று நம்புகிறோம்.

தமிழ்நாட்டு நிலைமையையும் பேசாமல் விடுவதற்கில்லை. யந்திரங்களைக் கொடுப்பதில் நமது ராஜ்யம் யாருக்கும் பின்வாங்கியதில்லை. 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2018-ல் வெளிவந்த புதிய பாடப் புஸ்தகங்களில் கைப்பேசியால் படித்தறியும் கட்டக் குறிகள் அச்சிடப்பட்டன. 2024-ல் தொடக்க, நடுநிலைப் பள்ளி உபாத்தியாயர்கள் சுமார் 80,000 பேருக்குக் கைக்கணினிகள் கொடுக்கப்பட்டன. சந்தோஷமே. ஆனால் நமது உபாத்தியாயர் யந்திரத்தைக் கையிலெடுக்கும்போது பெரும்பாலும் செய்த காரியம் என்ன? பிள்ளைகளின் வருகையைப் பதிவது, இலவசப் பொருள்களின் கணக்கைப் பதிவது, கேட்ட விவரத்தையே வேறு வடிவில் மறுபடி பதிவது. 'எமிஸ்' என்ற பதிவேட்டு வேலையால் பாடம் நடத்தும் நேரம் பறிபோகிறதென்று உபாத்தியாயர் சங்கங்கள் பல வருஷங்களாக முறையிட்டு வந்திருக்கின்றன. யந்திரம் என்றால் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் கருவி என்று ஒருவர் மனத்தில் படிந்துவிட்டால், அதே யந்திரத்தில் வரும் பயிற்சிப் பாடத்தையும் அவர் மற்றொரு கணக்காகவே கொள்வார்.

தமிழில் தட்டெழுதும் விஷயம் சிறிதாகத் தோன்றும். நமக்கு அது பெரிது. 'தமிழ் 99' விசைப்பலகை 1999-லேயே சர்க்கார் அங்கீகாரம் பெற்றது. கால் நூற்றாண்டு கடந்த பின்பும் தமிழாசிரியர்களிலேயே எத்தனை பேர் அதில் கை ஓடத் தட்டுவார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழை ஒலித்து, யந்திரம் ஊகித்துக் கொடுப்பதை ஏற்றுக்கொள்வதே எங்கும் வழக்கமாயிருக்கிறது. பத்து நாள் பழகினால் வரக்கூடிய இந்த அப்பியாசத்தைப் பயிற்சியின் முதற்படியாக வைத்திருந்தால், பின்னால் வரும் படிகள் எல்லாம் சுலபமாயிருக்கும்.

பயிற்சிக்கு நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 2024-25-ஆம் வருஷத்து யூடைஸ் கணக்கின்படி தேசத்தில் கணிப்பொறி உள்ள பள்ளிக்கூடங்கள் நூற்றுக்கு 65-ஐ எட்டவில்லை. இணைய வசதி உள்ளவை அதனினும் சற்றுக் குறைவு. ஒரே உபாத்தியாயரைக் கொண்டு நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தன. ஐந்து வகுப்புகளையும் ஒருவராக மேய்க்கும் அந்த மனிதர் பள்ளி நேரத்தில் காணொளி பார்ப்பது சாத்தியமா? வீட்டுக்குப் போய்ச் சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில் பார்க்கவேண்டும். அதே கணக்கு உபாத்தியாயர்களில் நூற்றுக்கு 54 பேர் பெண்கள் என்று கூறுகிறது. மாலையில் வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெரியவர்களைக் கவனித்து, இரவு பத்து மணிக்கு மேல் சிறு எழுத்துக்களுக்கு முன் கண் விழித்துப் பயிற்சி பெறும் ஒரு சகோதரியிடம், நீ ஏன் ஆர்வம் காட்டவில்லை என்று அதிகாரிகள் கேட்பது நியாயமன்று. ஆலைத் தொழிலாளிக்கு வேலை கற்றுக்கொடுக்கும் முதலாளி அதற்கும் கூலி கொடுக்கிறான். சர்க்கார் தம் உபாத்தியாயர்களின் தூக்கத்திலிருந்து பயிற்சி நேரத்தை எடுத்துக்கொள்ளுகிறார்கள்.

மற்றோர் அபாயத்தையும் குறிப்பிடுவோம். சர்க்கார் விட்ட இடத்தை அந்நியப் பெருங் கம்பெனிகள் நிரப்பி வருகின்றன. உபாத்தியாயர்களுக்கு அவை இலவசமாகப் பாடம் நடத்துகின்றன. அழகான பட்டங்களும் அளிக்கின்றன. அவற்றில் சில பாடங்கள் உண்மையிலேயே நன்றாக அமைந்தவை என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் துணிக்கடைக்காரன் இலவசமாகத் தையல் கற்பித்தால், தன் கடைத் துணியில்தான் கற்பிப்பான். ஒரு கம்பெனியின் பொத்தான்களை மட்டும் அறிந்த உபாத்தியாயர், அப்பொத்தான் இடம் மாறிய அன்று மீண்டும் அறியாதவராகிறார். அவரிடம் படிக்கும் நாற்பது பிள்ளைகளும் அக்கம்பெனிக்கு ஆயுட்கால வாடிக்கைக்காரர்கள் ஆகிறார்கள். தீக்ஷா மேடையோ, யாரும் எடுத்தாளக்கூடிய 'சன்பேர்ட்' என்னும் திறந்த மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. அஸ்திவாரம் நம்முடையதாக இருக்கும்போது, அதன்மேல் நடக்கும் பயிற்சியை இவ்வளவு உயிரற்றதாக வைத்திருப்பானேன்?

ஆகையால் சர்க்காரிடம் நாம் கேட்பது புதிய யந்திரமன்று. செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கென வகுக்கும் பயிற்சியில் 25 பேருக்கு ஒரு வழிகாட்டி உபாத்தியாயர் இருக்கட்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் பள்ளி வேளையிலேயே அதற்கு ஒதுக்கப்படட்டும்; ஓராசிரியர் பள்ளிகளுக்கு அந்த நேரத்தில் மாற்று உபாத்தியாயர் அனுப்பப்படட்டும். வினாக்களுக்கு விடை குறிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் தம் வகுப்புக்கென்று தயாரித்து உண்மையிலேயே நடத்திய ஒரு பாடத்தைக் காட்டினால் சான்றிதழ் கொடுக்கட்டும். வருஷ முடிவில் இத்தனை லட்சம் சான்றிதழ் என்று பார்லிமெண்டில் கணக்கு வாசிப்பதற்குப் பதிலாக, இத்தனை பாடங்கள் உபாத்தியாயர்களால் ஆக்கப்பட்டன, அவற்றில் தமிழில் இத்தனை, தெலுங்கில் இத்தனை என்று வாசிக்கட்டும்.

ஊர்தோறும் தேச வேலை செய்துவரும் நமது அன்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி சர்க்கார் பள்ளிகளில் அமைந்துள்ள நிர்வாகக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களே. அக்குழுவில் உட்காரும்போது, பள்ளிக்கு எத்தனை கணிப்பொறி வந்தது என்று மட்டும் கேட்டுத் திருப்தியடைய வேண்டாம். அவை இருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, சென்ற மாதத்தில் எத்தனை நாள் அது திறக்கப்பட்டது, உபாத்தியாயர்கள் தாங்கள் பழகுவதற்காக அங்கே உட்கார்ந்தது எத்தனை மணி என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் குழுவின் நடவடிக்கைப் புஸ்தகத்தில் எழுதச் செய்து, அதன் நகல் ஒன்றை வட்டாரக் கல்வி அதிகாரிக்கு அனுப்பி வையுங்கள்.